கிராபிக்ஸ் கார்டுக்குப் போட்ட சாம்பிராணி

திண்டிவனத்தில் எங்கள் வீடு ஒரு ஹாலும் ஒரு அறையும்தான். ஹாலில் என் கம்ப்யூட்டர். அதில்தான் கல்யாண வீடியோக்களை எடிட் செய்கிறேன். அறையில் என் வீட்டுக்காரர். இரவு பஸ் ஓட்டிவிட்டு விடிந்தபின் வந்து பகலில் தூங்குகிறவர். நடுவே ஒரு பிளைவுட் கதவு.

வீடியோ வேலை செய்தால் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் கார்டு கொதிக்கும். அதைக் குளிர்விக்க அதன்மேல் ஒரு கூலர்: அலுமினியத் தகடுகளும் இரண்டு சின்ன ஃபேனும். முகூர்த்த மாதத்தில் அந்த ஃபேன்கள் போடுகிற கூச்சல் மாவு மில்லைத் தோற்கடிக்கும். எனக்குப் பழகிவிட்டது. அவர் தலையணையைக் காதுமேல் கவிழ்த்துக்கொண்டு புரளுவார், ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். அந்த நல்ல குணம்தான் எனக்கு எரிச்சலைக் கிளப்பும். திட்டினாலாவது திருப்பித் திட்டலாம்.

ஒருநாள் காலை செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "ஒலக்கூர் தாண்டி வந்துக்கினு இருக்கேன், கண்ணு சொக்கிடுச்சு. லாரிக்காரன் ஆரன் அடிச்சான், முழிச்சிக்கினேன்."

பஸ் நிறைய ஜனம்.

"இந்தத் தொழிலயே விட்டுடறேன்" என்றேன்.

"நீ ஏன் விடணும்? வேற வழி எதுனா பாரு" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தார்.

விழுப்புரத்தில் எனக்குக் கம்ப்யூட்டர் விற்ற கடைக்காரரிடம் போனேன். "கூலர மாத்தறதெல்லாம் பேஜாரு அக்கா. ஜல்தியா புது கார்டு வாங்கிடுங்க" என்றார். விற்கிறவர் வேறு என்ன சொல்வார்? கூலர் மாற்றும் வீடியோக்களை நானே தேடிப் பார்த்தேன். என் கார்டுக்குப் பொருந்தும் பெரிய கூலர் ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தேன். அதில் கனத்த அலுமினியத் தகடுகள், அகலமான ஃபேன்கள். பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றினாலே போதும், சத்தம் வராது.

அவர் வேலைக்குக் கிளம்பிய ஒரு சாயங்காலம் பழைய கூலரைப் பிரித்தேன். சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. தகடுகளின் இடுக்கெல்லாம் விபூதி. அதன்மேல் சாம்பிராணிக் கரி பிசுபிசுவென்று. என் வீட்டுக்காரருக்கு எந்த மெஷினும் சாமிதான். பஸ்ஸுக்குச் செய்வதையெல்லாம் வெள்ளிக்கிழமைதோறும் என் கம்ப்யூட்டருக்கும் செய்வார். விபூதிப் பட்டை போட்டு, புகை உள்ளே நன்றாகப் போகட்டும் என்று ஃபேன் பக்கமாகவே காட்டுவார். போயிருந்தது; இடுக்கு அடைத்துக் காற்று போகாமல்தான் ஃபேன்கள் அப்படி அலறியிருக்கின்றன. என் தொழில் ஓங்கவேண்டும் என்று மனுஷன் தன் தூக்கத்தைத்தான் கெடுத்துக்கொண்டிருந்தார்.

கார்டின் சிப்பைத் துடைத்து, சூட்டைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் தடவி, புதுக் கூலரை வைத்துத் திருகினேன். சிப் விரிசல் விட்டால் தொழில் போச்சு. கூலரின் தடிமனுக்குக் கம்ப்யூட்டர் பெட்டியின் பக்க மூடி மூடவில்லை. கிடக்கட்டும் என்று அதைக் கட்டிலடியில் தள்ளினேன். சுவிட்சைப் போட்டதும் திரையில் படம் வந்தது. ஆளில்லாத வீட்டில் கைதட்டிக்கொண்டேன்.

மறுநாள் அவர் படுத்ததும் கிளியனூர் கல்யாணம் ஒன்றை முழுசாக ஓடவிட்டேன். முன்பெல்லாம் எண்பத்தெட்டு டிகிரிக்கு ஏறி அலறும் கார்டு, அறுபத்துமூன்றில் நின்றது. காதை ஒட்டவைத்தால்தான் ஃபேன் சுற்றுவதே தெரிந்தது. கதவுக்கு அந்தப்புறம் குறட்டை கேட்டது. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குறட்டையை நான் திட்டாத நாளில்லை. அன்று மனசு குளிரக் கேட்டேன்.

மத்தியானம் சாப்பாட்டு நேரமெல்லாம் தாண்டி எழுந்து வந்தார். "இன்னா, கரண்டு போயிடுச்சா?"

"கரண்டு இருக்குது, கல்யாணமும் ஓடிக்கினுதான் இருக்குது. உங்க சாம்பிராணிய மட்டும் இனிமே பஸ்ஸோட நிறுத்திக்குங்க."

விஷயத்தைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் சிவப்பு இல்லை. அதைப் பார்த்ததும் வெற்றிக்கொடி நாட்டிவிட்டதாகவே நினைத்தேன்.

அன்று இரவு அவர் பஸ் ரோட்டில் ஓடிக்கொண்டிருக்க, கண் சொக்கிய கதையைக் கேட்ட நாளுக்குப் பிறகு முதல்முறையாக நானும் தூங்கினேன்.