குருட்டுக் கண்ணில் தொலைநோக்கி

விழுப்புரத்தில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். ‘டர்ன் எ பிளைண்ட் ஐ’ என்ற சொற்றொடரை மட்டும் வேகமாகச் சொல்லிக் கடந்துவிடுவேன். தெரிந்தே ஒன்றைக் காணாததுபோல் இருந்துவிடுவது என்று பொருள். கடற்போரில் ஒற்றைக்கண் தளபதி ஒருவருக்கு, பின்வாங்கச் சொல்லி மேலதிகாரி கொடி காட்டினாராம். இவர் தொலைநோக்கியைக் குருட்டுக் கண்ணில் வைத்து, “எனக்கு ஒன்றும் தெரியவில்லையே” என்றாராம். அதிலிருந்து வந்தது என்பார்கள். அவர் ஜெயித்துவிட்டார், அதனால் அது வீரமாகிவிட்டது. நான் செய்தது வெறும் வீம்பு.

என் அக்கா திண்டிவனத்தில் இருக்கிறாள். அவள் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, தேதியும் குறித்தாயிற்று. எங்கள் வழக்கத்தில் முதல் பத்திரிகை தாய்மாமனுக்கு. வெற்றிலை பாக்குத் தட்டோடு வீடு தேடி வந்து வைக்க வேண்டும். ஞாயிறுதோறும் வீட்டைப் பெருக்கிவிட்டுக் காத்திருந்தேன். வந்ததோ வாட்ஸ்அப்பில்.

‘தம்பி, பத்திரிகை அனுப்பிருக்கேன்…’ என்று திரையின் மேலே ஒரு வரி எட்டிப் பார்த்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஊருக்கெல்லாம் அனுப்புவதுபோலத்தான் கூடப் பிறந்தவனுக்குமா? திறந்தால் நீல டிக் விழும், பார்த்தது தெரிந்துவிடும். திறக்கவில்லை. அவள் போன் செய்தபோதும் எடுக்கவில்லை. தனிக்கட்டை நான், எடுத்துச் சொல்லவும் வீட்டில் ஆளில்லை.

கல்யாணம் முடிந்த மறுநாள்தான் திறந்தேன். ‘தப்பா நெனைக்காத. மாமா கால் ஆபரேஷன் பண்ணி படுத்துக்கினு இருக்காரு, வுட்டுட்டு வர முடியல. நீ முன்னாடியே வந்துடு. மாமன் கையப் புடிச்சிக்கினுதான் மணவறைக்கு வருவேன்னு பொண்ணு சொல்றா.’

பாவி, அந்த ஒரு வரிக்குக் கீழே இவ்வளவு இருந்திருக்கிறது. உடனே திண்டிவனம் பஸ் ஏறினேன்.

மாமா கட்டுப்போட்ட காலோடு கட்டிலில் இருந்தார். “போன் ரிப்பேரு அக்கா, மெசேஜே பாக்கல” என்றேன். அக்கா என் சட்டைப்பையில் இருந்த போனைப் பார்த்தாள். பார்க்காததுபோலவே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“சரி வுடுப்பா. சாப்ட்டியா?”

பீரோவைத் திறந்து, தாய்மாமனுக்கென்று சம்பந்தி வீட்டார் எடுத்த பட்டுவேட்டியை என் மடியில் வைத்தாள். “வாசலையே பாத்துக்கினு நின்னுச்சு பொண்ணு. முகூர்த்தம் போயிடும்னு நான்தான் கூட்டிக்கினு போனேன்.”