சவர் மண்ணில விதை வித்தனான்

விதை முளைச்சால் மண் நல்லது, முளைக்காட்டி வித்தவன் கள்ளன்: இதுதான் எங்கட தொழில். எதையாவது வித்துத் திட்டு வாங்கினவை உங்களுக்குள்ளயும் இருப்பினம். நீங்களாவது என்ர பக்கம் நில்லுங்கோ.

தொண்ணூறுகளில, சண்டையால பெற்றோலைக் கண்ணாலயும் காண ஏலாத காலம், மாங்குளத்தில இருந்து முல்லைத்தீவுக் கரைக்குச் சைக்கிளில மரக்கறி விதை கொண்டு போனனான். விதைப்பை காரியரில ஆடேக்க தூரத்து மழைபோல ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டுக்கொண்டு பாதி வழி கனவிலதான் மிதிக்கிறது.

கழுவின பானை

முள்ளிவாய்க்காலில யோசேப்பண்ணை எண்டு ஒருத்தர். கடலுக்குப் போகத் தடை, அதால தோட்டம் துவங்கினவர். "பயிற்றை விதையை இரவு ஊறப்போட்டு விடிய நடுங்கோ" எண்டு சொல்லிக் குடுத்தனான். அடுத்த முறை போனால் ஒண்டும் முளைக்கேல்லை, மனுசன் முகம் குடுத்துக் கதைக்கிறாரில்லை. ஊறப்போட்ட பானையை வாங்கி, விரலால தொட்டு நாக்கில வைச்சன். உப்புக் கரிச்சுது. கருவாட்டுக்கு மீன் உப்பில போடுற பானை. கழுவேல்லையோ எண்டு கேட்க, அவருக்குச் சரியான கோபம்.

"என்ன கதை கதைக்கிறீர் தம்பி, கடல் தண்ணியில வடிவாக் கழுவிப்போட்டுத்தான் ஊறப்போட்டனான்."

நல்ல தண்ணி

திரேசக்கா வீட்டில தக்காளி முளைச்சதுதான், ஆனால் விரல் உயரத்தில நிண்டுபோச்சு. இலைக்கரை எல்லாம் கருகிக் கிடந்தது. என்ன தண்ணி ஊத்திறியள் எண்டு கேட்டன். "நல்ல தண்ணிதான்" எண்டு செம்பில கொண்டுவந்து தந்தா. ஒரு மிடறுதான் குடிச்சன், சவர், பாதி உப்புத் தண்ணி. அந்தக் கரையில மனிசர் குடிக்கக்கூடிய தண்ணி எல்லாத்துக்கும் பேர் நல்ல தண்ணிதான் எண்டது எனக்கு அண்டைக்குத்தான் விளங்கினது. நாத்து இதைத் தாங்காது எண்டன். முற்றத்தில விளையாடின பிள்ளையளை அவா ஒருக்காப் பாத்தா.

"என்ர பிள்ளையளே இதைக் குடிச்சுத்தான் வளருதுகள், உம்மட நாத்துக்கு மட்டும் என்ன பவுசு?"

மரியபுஸ்பம் அக்காவின்ர மிளகாய்

அக்காவின்ர மனுசன் தடையையும் பாராமல் கடலுக்குப் போய்த் திரும்பேல்லை. துணுக்காயில இருந்த தமையன் தன்னோட வந்து இருக்கச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தவர். அவாவுக்குக் கரையை விட்டுப் போக மனமில்லை. மனுசன் வந்து தேடினால்? மாரி மழை முடியிறதுக்குள்ள தோட்டம் முளைச்சு வந்தால் இருக்கிறன், வராட்டி வாறன் எண்டு தமையனுக்குச் சொல்லிப்போட்டா.

மிளகாய் போட்டா, ஒண்டும் வரேல்லை. விடியக்காலையில பாத்தியில உப்பு வெள்ளையாப் பூத்துக் கிடக்கும். நான் ஒரு விதையைக் கிண்டி எடுத்தன். அழுகவுமில்லை, ஊதவுமில்லை, நித்திரை மாதிரிக் கிடந்தது. "உப்பு மண் அக்கா, சுத்திவரத் தண்ணி நிண்டாலும் விதையால குடிக்க ஏலாது. இது செத்த விதைதான். நீங்கள் உங்கட அண்ணையோட போங்கோ" எண்டன். அக்கா விதையை வாங்கி அதே குழியில வைச்சு மூடினா.

பிறகு மழை பிடிச்சுது, ஊரே கனவுக்குள்ள கிடந்தமாதிரி விடாத மழை. வீடு பூட்டிக் கிடக்கும் எண்டு நினைச்சுக்கொண்டுதான் போனனான். மழை உப்பைக் கீழ இறக்கிப்போட்டுது. பாத்தி முழுக்க ரெண்டு ரெண்டு இலையோட மிளகாய் நாத்து. அக்கா கடலைப் பாத்தபடி புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தா. துணுக்காய் அண்ணைக்கு என்ன சொன்னனீங்கள் எண்டு கேட்டன்.

"வரேல்லை எண்டால் செத்துப்போச்சு எண்டு சொல்லுறதுக்கு உங்கள் எல்லாருக்கும் என்ன அவசரம், தம்பி?"

அதுக்குப் பிறகு முளைக்காத விதைக்கு ஆர் ஏச வந்தாலும், "கொஞ்சம் பொறுத்துப் பாருங்கோ" எண்டு சொல்லிப்போட்டு, சைக்கிளை மட்டும் பொறுக்காமல் மிதிச்சிடுவன்.