சத்தமாகப் போட்ட தாலாட்டு

சத்தம் என்றாலே எனக்கு இப்போதெல்லாம் அலுப்பு. சிராங்கூன் ரோட்டில் கடைக்குக் கடை ஒரு ஸ்பீக்கர். மனுஷன் எதைத்தான் கேட்பது?

போன சனிக்கிழமை நண்பர் தனபால் அங்கே ஓர் இசைத்தட்டுக் கடைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். துறைமுகத்தில் கிளார்க். தன் கைக்குழந்தைக்காகக் கட்டிய தாலாட்டைப் பாடி, முதல்முறையாக ரெக்கார்டு போட்டிருக்கிறார். கடைக்காரர் காதர் பாய் விற்பனைக்கு எடுத்துக்கொண்டால்தான் உண்டு. இல்லையென்றால் அத்தனையும் கட்டிலுக்கு அடியில்தான்.

பாய் ஒரு சினிமாப் பாட்டு முடிந்த கையோடு தனபாலின் தட்டை வைத்தார். சினிமா ரெக்கார்டில் சத்தத்தை ஏற்றிப் பதிந்திருந்தார்கள். இதிலோ தனபால் எப்படிப் பாடினாரோ அப்படியே. அதைக் கேட்ட காதோடு இதைக் கேட்டால்... எனக்கே சப்பென்று இருந்தது.

"குரல்ல தெளிவு இல்லையே தம்பி. ரெக்கார்டிங்கும் மட்டமா இருக்கு," என்றார் பாய்.

தனபாலின் முகம் தொங்கிப்போயிற்று. எனக்குப் பாவமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து யாரோ பாயை வாசலுக்குக் கூப்பிட்டார்கள். நான் வால்யூமைக் கொஞ்சம் திருகிவிட்டு, அதே தட்டை முதலிலிருந்து வைத்தேன். பாய் திரும்பி வந்தார். நின்று கேட்டார்.

"இது யாரு பாடினது? நல்லா இருக்குலா. தபேலாகூடத் தனியா கேக்குது."

"அதே ரெக்கார்டுதான் பாய். வால்யூமைத்தான் கூட்டினேன்."

அவர் கொஞ்சமும் அசரவில்லை. "அப்ப முதல்லயே சத்தமாப் பதிஞ்சிருக்கலாம்ல? சரி, வச்சிட்டுப் போங்க. அடுத்த ரெக்கார்டுல நல்லா ஏத்திப் பாடுங்க தம்பி."

தாலாட்டை எப்படி ஏற்றிப் பாடுவது என்று பஸ்ஸில் தனபால் என்னிடம் கேட்டார்.

பாயைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? நம் காது அப்படி. ஒரு கடைக்காரர் கொஞ்சம் கூட்டி வைத்தால் 'என்ன துல்லியம்' என்கிறோம். உடனே பக்கத்துக் கடைக்காரரும் கூட்டுகிறார். அப்புறம் இவர் சும்மா இருப்பாரா? — நினைத்தாலே களைப்பாக இருக்கிறது.

நேற்று குவீன்ஸ்டவுனில் தனபால் வீட்டுக்குப் போயிருந்தேன். கீழே காப்பிக்கடையில் அவருடைய ரெக்கார்டு, முழு வால்யூமில். மேலே வீட்டு ஜன்னலருகே மனுஷன் பூரித்துப்போய் நின்றிருந்தார். தொட்டிலில் குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

தொட்டிலை ஆட்டியபடியே அவர் மனைவி சொன்னார்: "பாட்டு நல்லாத்தான் இருக்கு. முதல்ல அந்த ஜன்னலைச் சாத்துங்க."