மூன்று கை சுண்ணாம்பு

கிரிவலப் பாதை மண்டபத்தில் கல்வெட்டைப் படியெடுக்க வந்தவர்கள், தண்ணீர் தெளித்து, எழுத்தை மூடிய பழைய சுண்ணாம்பைப் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கிறார்கள். நனைந்த சுண்ணாம்பு வாடை மூக்கில் ஏறியதும் நின்றுவிடுகிறேன்.

எழுபத்தெட்டாம் வருஷம், கார்த்திகை தீபத்துக்கு முன்னால் இந்தச் சுவரைப் பூசியது அம்மாவும் நானும்தான். எனக்கு ஒன்பது வயது. சுண்ணாம்பு பூசுகிற மட்டைக்கு அடியில் குழிகுழியாகத் தட்டுப்பட்டது.

"எழுத்து இருக்குதும்மா."

"இருந்தா இருக்கட்டும். சாமி பார்க்க வர்றவங்களுக்குச் செவுரு பளிச்சுனு இருக்கணும். இன்னொரு கை பூசு."

அம்மா மெச்சட்டும் என்று மூன்று கை பூசினேன். குழியெல்லாம் நிரம்பிவிட்டது. விரல்தான் ராத்திரியெல்லாம் அரித்தது.

தேய்க்கிற பெண் சலித்துக்கொள்கிறாள்: "எந்தப் புண்ணியவான் அப்பி வெச்சானோ, இங்க மட்டும் ஜாஸ்தி."

 அப்படியே போக மனசில்லை.

"இன்னொரு பிரஷ் இருக்குதாம்மா?" என்று கேட்கிறேன்.