வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய தாள்

எங்கள் தோட்டத்து மருந்தகத்தில் காயங்களுக்கான பதிவேடு ஒன்று உண்டு. பெண்களின் காயங்களுக்கு எதிரே, காரணம் என்ற கட்டத்தில், பெரும்பாலும் ஒரே தொடர்தான் இருக்கும்: மலையில் விழுந்தது. தேயிலை மலை செங்குத்தானது, மழையில் வழுக்கும் என்பதால் யாரும் மறுத்துக் கேட்பதில்லை. கழுத்தில் ஐந்து விரல் தடத்தோடு வந்தவரும், காதுச் சவ்வு கிழிந்தவரும், உச்சந்தலை முடி கொத்தாகப் பிடுங்கப்பட்டவரும் அந்த ஏட்டின்படி மலையில்தான் விழுந்திருந்தார்கள்.

சுகாதாரத் துறையில் பட்டம் பெற்றுத் திரும்பி, அங்கே தற்காலிக உதவியாளராக இருந்த எனக்கு, அந்தக் கட்டத்தை ஆய்வு செய்ய வேண்டும் என்று தோன்றியது. இளம் ஆய்வாளர்களுக்கான சிறிய நிதியுதவி ஒன்றுக்கு விண்ணப்பம் கோரியிருந்தார்கள். முன்மொழிவு எழுதச் சொல்லித்தர அருகில் ஆளில்லை. இணையத்தில் ஓர் இலவசப் பயிற்சித் தளம் கிடைத்தது. காணொளிப் பாடங்கள், நிதி கிடைத்த முன்மொழிவுகளின் மாதிரிகள், நிரப்பிப் பழகும் படிவங்கள், நமது வரைவைப் படித்துக் குறிப்பெழுதும் மூத்த ஆய்வாளர்கள் என எல்லாம் இருந்தன. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டுமே சிக்னல் கிடைக்கும். குடையைப் பிடித்துக்கொண்டு அங்கே நின்று பாடங்களை இறக்கிக்கொள்வேன். ஒரு கேள்வியை எவ்வளவு குறுக்கினால் அதற்கு விடை தேட முடியும் என்பதை அந்தத் தளத்தில்தான் கற்றேன். அதை இன்றும் குறை சொல்ல மாட்டேன்.

என் வரைவுக்கு வந்த குறிப்புகளில் ஒன்று, தலைப்பு பிரச்சினையை மறைக்கக் கூடாது என்றது. ‘தோட்டப் பெண்களின் காயங்கள்’ என்றிருந்ததைக் ‘கணவரால் தாக்கப்படும் தோட்டப் பெண்கள்’ என்று மாற்றினேன். ஆய்வில் சேர்பவர்களுக்கான விளக்கத் தாளை ஒருவரிடம் கொடுத்துப் புரிகிறதா என்று பார்க்கவும், ஒரு பிரதியை அவரிடமே விட்டுவிடவும் சரிபார்ப்புப் பட்டியல் சொன்னது. அதன் கீழே, வன்முறை பற்றிய ஆய்வுகளுக்கென்று தனிப் பக்கம் ஒன்றின் இணைப்பும் இருந்தது. மழையில் பக்கம் திறக்கவில்லை. பிறகு பார்க்கலாம் என்று கட்டத்தில் சரி போட்டேன்.

தன் கழுத்திலிருந்த விரல் தடத்தைப் பற்றி முதன்முதலில் என்னிடம் உண்மை சொன்னவர், கீழ் லயத்து வரிசை வீடுகளில் இருந்த கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர். அவரிடமே தாளைக் கொடுத்தேன். நிதானமாகப் படித்தார், புரிகிறது என்றார். பிரதியை வீட்டில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். லயத்துக்குள் வரும் எந்தக் கடிதமும் ஒருவருக்கு மட்டும் உரியதல்ல. வாசலில் உட்கார்ந்து யாராவது அதை உரக்கப் படிப்பார்கள். அப்படியொரு லயத்தில் வளர்ந்த நான் இதை எப்படி மறந்தேன் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

தலைப்பை அக்காவின் நாத்தனார் வாசலில் உரக்கப் படித்தார். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்த கணவன், யாரிடம் பெயர் கொடுத்தாய் என்று ஒரே ஒரு தடவை கேட்டானாம். பின்பு கவ்வாத்துக் கத்தியைத் திருப்பிப் பிடித்து அதன் முதுகால் மணிக்கட்டில் அடித்தான். அடுத்த அடி தோளில் விழுந்தது. முடியைப் பிடித்து, வாசலுக்கு வெளியே கழிவுநீர் ஓடும் கான் வரைக்கும் இழுத்துப்போய், தாளைக் கசக்கி வாயில் திணித்தான்.

மறுநாள் காலை, தோலுக்குள் எலும்பு துருத்திய கையோடு அக்கா மருந்தகத்துக்கு வந்தார். வைத்திய உதவியாளர் கேட்டதற்கு, மலையில் விழுந்ததாகவே சொன்னார். நான் வாய் திறக்கப் போனேன். நல்ல கையால் என் பாவாடையை இறுக்கிப் பிடித்தார்.

ஹட்டன் ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில், முன்மொழிவை நிறுத்திவிடுகிறேன் என்றேன்.

“அடி வாங்குனது நானு. நிப்பாட்டுறதுக்கு நீங்க யாரு மிஸ்?” என்றார். சிறிது தூரம் போன பின், “பேர மாத்துங்க. மலையில விழுறதப் பத்தி எழுதுறோமுன்னு போடுங்க. அதப் பாத்தா எங்க வூட்டுக்காரரே தொரைகிட்டப் போயி எனக்கு வழுக்காத சப்பாத்து கேப்பாரு” என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்து, வலியில் பல்லைக் கடித்தார்.

அவருக்கு மாவுக்கட்டுப் போடும்போது, வெளியே நின்று அந்தத் தனிப் பக்கத்தைத் திறந்தேன். ஆய்வுக்கு ஆபத்தில்லாத பெயர் வையுங்கள், எந்தத் தாளையும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பாதீர்கள் என்று முதல் பத்தியிலேயே இருந்தது. அக்கா சொன்னபடியே, அங்கேயே தலைப்பை மாற்றினேன். முன்மொழிவு அந்த வாரமே போய்ச் சேர்ந்தது.

அக்கா லயத்துக்குத் திரும்பாமல் லிந்துலையிலுள்ள தமக்கையிடம் போனார். இரண்டாம் நாள் கணவன் மருந்தகக் கதவைக் கத்தியால் கொத்தினான். “எங்க அந்தப் படிச்சவ? வெளிய வரச் சொல்லு.” நானும் வைத்திய உதவியாளரும் நோயாளிகள் உட்காரும் வாங்கைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து நின்றோம். மூன்றாவது கொத்தில் பலகை பிளந்து, கத்தி முனை என் முகத்துக்கு நேரே வந்தது. வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்கு நின்ற ஆண்கள் ஓடிவந்து அவனை மண்ணில் தள்ளி மிதித்தார்கள். போதும் என்று நான் கத்திய பின்பும் மிதித்தார்கள்.

பொலிஸில் கதவைப் பற்றி முறைப்பாடு கொடுத்தேன். அக்காவின் உடைந்த கையைப் பற்றி அதிகாரி சிங்களத்தில் கேட்டபோது, அது நான் சொல்ல வேண்டியதல்ல, அவரிடம் கேட்க வேண்டும் என்றேன். லிந்துலைக்கு அழைத்தேன்.

அதிகாரி கேட்டதை அக்காவிடம் சொன்னேன். “ஃபோன அவருகிட்டக் குடுங்க மிஸ்” என்றார்.

கொடுத்தேன். கழுத்தில் பதிந்த விரல்களிலிருந்து தொடங்கி, தனக்குத் தெரிந்த சிங்களத்தில் அவரே சொன்னார். அதிகாரி எழுதிக்கொண்டிருந்தார்.