ஐயர் இல்லாமல் ஒரகடம் போனேன்

காலை ஒன்பதே முக்காலுக்குத் தாம்பரத்தில் பேருந்து ஏறினேன். ஒரகடம் இருபத்தைந்து கிலோமீட்டர். மகளிருக்குக் கட்டணமில்லாத வண்டி. ஒன்பதுக்கே ஏறியிருக்க வேண்டியவள், போதகர் வீட்டு வாசலில் பொழுதைத் தொலைத்துவிட்டேன்.

ஸ்டெல்லாவின் போன் வந்தபோது மணி எட்டரை. எங்கள் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். ஊரில் ஞாயிறு பள்ளியில் என்னிடம் படித்தவள். இப்போது ஒரகடத்தில் கம்பெனி வேலை, புருஷன், ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட ஒரு ஆண் குழந்தை.

"டீச்சர், புள்ள தாங்காதுன்னுட்டாவ. ஞானஸ்நானம் குடுக்கணும். ஐயரக் கூட்டிட்டு வாங்க."

தெற்கே நாங்கள் போதகரை ஐயர் என்போம்.

"நாங்க வந்துருதோம். அதுவரைக்கும் காத்திரு" என்றேன்.

போதகர் வெளியூரில். இன்னொருவர் சாயங்காலம் பார்க்கலாம் என்றார். சாயங்காலமாம்! அப்புறம்தான் எனக்கு உறைத்தது. விசுவாசிகள் எல்லாரும் ஆசாரியர்தான், அவசரத்துக்கு யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று பதினைந்து வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவள் நானேதான். நாமே போவோம் என்று கிளம்பினேன்.

பதினொன்றுக்கு ஒரகடம் கூட்டுச்சாலை. வல்லக்கோட்டைச் சாலையில் நாலு கிலோமீட்டர் தள்ளி ஆஸ்பத்திரி. ஆட்டோவுக்கு எண்பது ரூபாய்.

"இன்னாமா, முருகன் கோயிலுக்கா?" என்றார் டிரைவர்.

"ஆஸ்பத்திரிக்குப்பா, சீக்கிரம் போ. ஐயர் கிடைக்கல, நானே போறேன்."

அவர் கண்ணாடியில் என் சிலுவைச் சங்கிலியைப் பார்த்தார். "கிறிஸ்டியனுக்கு ஐயரு இன்னாத்துக்குமா?"

எங்கள் ஊர் வழக்கைச் சொன்னேன். "அப்போ நீங்களே ஐயரா? சொல்லவேயில்ல!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

கார் ஏற்றும் நீள லாரி ஒன்று தொழிற்சாலை வாசலில் திரும்ப முடியாமல் சாலையை மறித்து நின்றது. பின்னால் ஷிப்ட் பஸ்கள், கன்டெய்னர்கள். இருபது நிமிஷம் அப்படியே போயிற்று.

பதினொன்றரை தாண்டி உள்ளே நுழைந்தேன். நர்ஸ் என்னை வராந்தாவிலேயே நிறுத்தினாள்.

"பத்தே காலுக்குப் போயிடுச்சுமா. தண்ணி கேட்டாங்க, குடுத்தேன். டம்ளர கையிலயே வச்சிகினு இருந்தாங்க. ஊத்துங்களேன்னு நான்கூட சொன்னேன். டீச்சர் காத்திருக்கச் சொல்லிகீறாங்க, ஐயரு வரட்டும்னுட்டாங்க."

பாவி, நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே! நீயே ஊற்று என்று.

ஸ்டெல்லா குழந்தையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். புருஷனுக்கு இன்னும் தெரியாது. அவனும் கம்பெனியில்தான், லைன் வேலையில் நிற்கிறான்; போனை வாசல் கேட்டிலேயே வாங்கிவைத்துவிடுவார்களாம்.

"ஐயர் வரலியா டீச்சர்?"

"வரலம்மா."

"அப்ப நீங்க குடுக்கவா வந்திய?"

தலையாட்டிவிட்டேன். அவள் என்னையே பார்த்தாள். "நீங்க குடுக்கலாம்னா, நானும் குடுத்துருக்கலாமோ?"

ஆமாம் என்றால் ஆயுசுக்கும் அவள் அந்த டம்ளரைக் கீழே வைக்க மாட்டாள்.

"இல்லம்மா. ஐயர்தான் குடுக்கணும். நான் சும்மா ஜெபம் பண்ண வந்தேன்."

"அப்ப சரி டீச்சர்" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

அவள் புருஷன் வந்துசேரும்வரை கூடவே இருந்துவிட்டு மூன்று மணிப் பேருந்தில் திரும்பினேன். தாம்பரத்திலும் ஞாயிறு பள்ளி எடுக்கிறேன். பன்னிரண்டு பிள்ளைகள். வருகிற ஞாயிறு எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அவர்கள் முன்னால் போய் நிற்பேன்?