இடப்பக்கம் சாயும் உளி

“உளிக்கு எதுக்குடி நடைவண்டி? அதென்ன கைக்குழந்தையா?”

கித்தார் செய்யும் எலியோதோரோ இதைப் பராச்சோ ஊருக்கே மனப்பாடம் ஆகிற அளவுக்குப் புலம்பியிருக்கிறார். உளியைக் கோணாமல் பிடித்துக்கொண்டு தீட்டுகல்லில் உருளும் சின்னச் சக்கரக் கருவியை மனைவி எவுஃபேமியா வாங்கி வைத்திருந்தாள். அதைத்தான் அப்படித் திட்டுவார். வெறுங்கையால் தீட்டினால்தான் அவருக்குத் தொழில்.

அதே பட்டறையில், அதே கல்லில் உளி தீட்டிவந்த அண்ணன் ஆன்செல்மோவைப் புதைத்த பிறகு, எலியோதோரோ தீட்டிய உளியின் விளிம்பெல்லாம் இடப்பக்கம் சாய்ந்தது. இடக்கைக்காரனான அண்ணன் தீட்டினால்தான் அப்படிச் சாயும். அந்த உளியால் செதுக்கிய கித்தார்க் கழுத்து எதுவும் உடம்போடு பொருந்தவில்லை. பிழைப்பே போய்விடும் என்று பயந்து, உளியைக் கருவியில் மாட்டித் தீட்டினார். விளிம்பு நூல் பிடித்தாற்போல் நேராக வந்தது. பட்டறையைப் பூட்டிவிட்டு, நிம்மதியாகச் சோளரொட்டியும் அவரைக்கொட்டையும் தின்றுவிட்டு வந்து திறந்தார். கல் ஈரமாக இருந்தது. உளி மறுபடியும் இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

“அந்தக் கல்லுலதான்யா ஏதோ இருக்கு. தூக்கிக் கடாசு!” என்று கத்தினாள் எவுஃபேமியா.

எலியோதோரோ தன் வலக்கையை அக்குளுக்குள் ஒளித்துக்கொண்டார்.

“கடாசிட்டா? ஒரு நாளாவது வேலை செய்யாம இருந்திருக்கானா எங்கண்ணன்? கல்லு இல்லேன்னா எதுல தீட்டுவான், என் எலும்புலயா?”